மூன்று கோடு

புதன்கிழமை காலை பம்பு ரிப்பேர்க்காரன் வந்தான். நான் செய்து கொடுத்திருந்த இரும்புத் தகட்டைத் தன் வண்டியில் இருந்த கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினான். தகடு டக்கென்று சாய்ந்தது. எதிர் மூலையை அழுத்தினான். இந்தப் பக்கம் எழுந்தது.

"பெரியவரே, நான் கேட்டது தகடு. நீங்க ஊஞ்சல் செஞ்சு குடுத்திருக்கீங்க."

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அவன் சத்தமாகச் சொன்னான்.

தகட்டை வாங்கி நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். நகம் படிப்படியாகத் தட்டியது. மெஷினில் சுற்றுகிற கட்டர் மேஜைக்குச் செங்குத்தாக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இப்படித்தான் படி விழும். முப்பத்தெட்டு வருஷம் மெஷின் ஓட்டிய கையிலிருந்து இப்படி ஒரு பொருள் வெளியே போயிருக்கிறது. சனிக்கிழமைக்குள் வேறு தருகிறேன் என்று அவனை அனுப்பினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. அதில் இரும்பைச் சீவிச் சமன் செய்கிற ஒரு பழைய மில்லிங் மெஷின், ஆள் உயரம். என்னுடையது என்று நான் சொன்னால் மருமகள் திருத்துவாள். பாதி அவளுடைய அப்பாவுடையது. எனக்கும் பெண்டாட்டி இல்லை, சம்பந்திக்கும் இல்லை. இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்ந்து ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் மகன் மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பான். இரண்டு கிழவர்கள் நாள் முழுக்கக் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தால் கொலைதான் விழும் என்று அவன்தான் மெஷின் யோசனை சொன்னான். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். காலை எனக்கு. மத்தியானத்துக்குமேல் அவருக்கு. நான் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். அவர் எட்டு மணிக்கு ஒரு கண்ணைத் திறப்பார், ஒன்பதுக்கு இன்னொன்று.

தகட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். மெஷின் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற வழி ஒன்றுதான். கட்டர் மாட்டுகிற ஸ்பிண்டிலில் ஒரு வளைந்த கம்பியை மாட்ட வேண்டும். கம்பி நுனியில் முள் வைத்து அளவு காட்டும் டயல். டயலின் கால் மேஜையைத் தொட்டபடி இருக்க, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இடது கோடியில் என்ன காட்டுகிறதோ அதையே வலது கோடியிலும் காட்டினால் மெஷின் நேர். ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, தகட்டுக்குத் தெரியும்.

இடது பக்கம் பூஜ்யம். வலது பக்கம் மூன்று கோடு.

திங்கட்கிழமை காலை நான் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமை அதை நம்பி, பார்க்காமலே தகட்டை வெட்டினேன். இது முதல் தடவையும் இல்லை. இரண்டு மாதமாகவே பல காலைகளில் மூன்று கோடு விலகித்தான் இருந்தது. போல்டு பழசு, நழுவுகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு சரிசெய்து வந்தேன். அன்றைக்கு ஊஞ்சல் என்ற வார்த்தை காதில் நின்றுகொண்டிருந்தது. சமாதானம் போதவில்லை.

கூடத்தில் சம்பந்தி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை பூஜ்யத்துல விட்டேன். இன்னிக்கு மூணு கோடு. பேய் வந்து தட்டிட்டுப் போச்சா சம்பந்தி?"

அவர் பேப்பரை இறக்கவில்லை. "நான் கெடுக்கலை."

"தொட்டீங்களா இல்லையா?"

"கெடுக்கலைன்னு சொன்னேன்."

"நான் கேட்டது அது இல்ல. ஒரு வீட்டுல ரெண்டு பேர்தான் அந்த ரூமுக்குள்ள போறோம். ஒருத்தன் நான்."

அவர் பேசாமல் இருந்தார். பேசாத மனிதனை நான் எப்போதுமே நம்புவதில்லை. பேசுகிறவனையும் நம்புவதில்லை, அது வேறு. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கெழவனுக்குக் கண்ணு போச்சு, கை போச்சுன்னு ஊர் சொல்லணும். நான் ஒதுங்கிட்டா மெஷின் முழுசா உங்களுக்கு. அதானே கணக்கு?"

"மாமா" என்றாள் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள்.

சம்பந்தி பேப்பரை நான்காக மடித்தார். மடிப்பை விரலால் நீவினார். "சனிக்கிழமை நாலு மணிக்கு வேன் வரச் சொல்றேன். தம்பி வீட்டுக்குப் போயிடறேன்" என்றார். சத்தம் போடவில்லை.

தம்பி வீட்டில் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மொட்டை மாடியில் ஓர் அறை. இருபத்திரண்டு படி. அவருக்கு இரண்டு முழங்காலும் போனவை. குளியலறை கீழே. தம்பி பெண்டாட்டி தண்ணீர் கொடுத்தாலே டம்ளரை எண்ணி வாங்கிக்கொள்கிறவள். ஒருதரம் பத்து நாள் இருந்துவிட்டு வந்து ஒரு மாதம் நொண்டினார். போகட்டும், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டினேன். நான்கு போல்டைத் தளர்த்த வேண்டும். ஸ்பிண்டிலைத் தாங்குகிற மெஷின் தலையை மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். கொஞ்சம் தட்டினால் அசையாது, இன்னும் கொஞ்சம் தட்டினால் ஐந்து கோடு ஓடிவிடும். திருப்பித் தட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து போல்டை இறுக்கினால், இறுக்குகிற இறுக்கில் இரண்டு கோடு போய்விடும். மறுபடி தளர்த்து. மறுபடி தட்டு. குனிந்து டயலைப் பார்த்துப் பார்த்து இடுப்பு கழன்றது. பூஜ்யம் வந்தபோது மணி பதினொன்று.

அப்புறம் மருமகளிடம் போனேன். "உன் நகப்பூச்சு ஒண்ணு குடும்மா."

அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள். "என்ன கலர்?"

"எதுவா இருந்தா என்ன."

"ரோஸ் எடுத்துக்குங்க. உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

நான்கு போல்டின்மேலும், போல்டிலிருந்து மெஷின் உடம்புக்கு ஓடும்படி, ஒவ்வொரு கோடு பூசினேன். போல்டு ஒரு நூல் திரும்பினாலும் காய்ந்த பூச்சு விண்டுவிடும். கதவுக்கு என் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை பார்த்தேன். பூஜ்யம். வெள்ளிக்கிழமை காலை பார்த்தேன். பூஜ்யம். முள் ஊசிமுனை அளவு நகரவில்லை. எனக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

"பாத்தியா? அவர் உள்ள போகலை, அது அசையலை" என்று மருமகளிடம் சொன்னேன்.

"சரி மாமா. ஜெயிச்சுட்டீங்க." அவள் தன் அப்பாவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக என் தட்டில் சாப்பாடு விழுந்தது, பேச்சு விழவில்லை. சம்பந்தி என்னோடு ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார். உப்பு வேண்டுமென்றால் எழுந்து வந்து எடுத்துக்கொண்டார், கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை என்னால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. புதன்கிழமை குனிந்ததற்கு இடுப்பு வட்டியோடு வாங்கியது. வெந்நீர் ஒத்தடம் போட்டு, மாத்திரை விழுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. பம்புக்காரனுக்குச் சனிக்கிழமை என்று வாய் கொடுத்திருக்கிறேன், புதுத் தகட்டுக்கு இரும்பு வந்து சேர்ந்ததே வெள்ளிக்கிழமை ராத்திரிதான். தகட்டை மாட்டுவதற்குமுன் டயலைச் சுற்றினேன். இனிமேல் பார்க்காமல் வெட்டுவதில்லை.

இடது பூஜ்யம். வலது மூன்று.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். எப்படியோ உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்தேன். போல்டைப் பார்த்தேன். ரோஸ் கோடு நான்கும் முழுசாக இருந்தன. கதவைப் பார்த்தேன். பூட்டை இப்போதுதான் நானே திறந்தேன், சாவி மூன்று நாளாக என் உடம்பைவிட்டு இறங்கவில்லை. டயல்தான் பொய் சொல்கிறது என்று அங்கேயே இருந்த சம்பந்தியின் கருவிப் பெட்டியைத் திறந்து அவர் டயலை எடுத்து மாட்டினேன். கேட்காமல்தான் எடுத்தேன். அதுவும் மூன்று என்றது.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்திருப்பதற்காக மெஷினின் தூணைப் பிடித்தேன். ஜன்னல் பக்கம். தூண் காய்ச்சல்காரன் முதுகு மாதிரி சுட்டது. மறுபக்கத்தைத் தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து தூணின் வலது முதுகில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சுட்டால் அந்தப் பக்கம் நீளும். நீண்டால் தூண் மறுபக்கம் வளையும். தொழிற்சாலையில் நான் நின்ற இடத்தில் வெயிலே கிடையாது. முப்பத்தெட்டு வருஷத்தில் இது எனக்குத் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

அப்புறம் எல்லாம் விளங்கியது. காலையில் இரும்பு ஆறி நேராக நிற்கும்போது நான் பூஜ்யம் வைப்பேன். மத்தியானம் அவர் வந்து பார்த்தால் மூன்று. அவர் அதைச் சரிசெய்து பூஜ்யம் வைப்பார். விடிந்து நான் பார்த்தால் எனக்கு மூன்று. இரண்டு பேரும் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறோம். ஒருவர் ஒழுங்காகச் செய்ததை இன்னொருவர் ஒழுங்காகக் கெடுத்திருக்கிறோம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த ஜன்னலை முன்பு ஒரு பலகை மூடியிருந்தது. அதைக் கழற்றியது நான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கட்டர் உடைந்து கிடந்தது, அவர் சொல்லவில்லை. அன்றைக்கே பலகையைக் கழற்றினேன். காற்றுக்கு என்று வீட்டில் சொன்னேன். காற்றுக்கு இல்லை. சமையலறைப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்த ஜன்னல் வழியாக அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். அதற்கு.

பலகை மூலையில்தான் சாய்ந்து கிடந்தது. ஒரு நிமிஷம் கெட்ட எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. பலகையைத் திருப்பி அடித்துவிடலாம். நாலு மணிக்கு வேன் வந்து போய்விடும். எப்படி விலகியது, ஏன் விலகியது என்று இந்த உலகத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சம்பந்தி பின்வாசல் படியில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்க முடியாமல் காலை நீட்டிவைத்துக்கொண்டு, கயிற்றை எட்டி எட்டி இழுத்தார். அது நழுவியது. மறுபடி இழுத்தார். அந்தக் காலோடு இருபத்திரண்டு படி.

"சம்பந்தி, இங்க வாங்க."

அவர் மெதுவாக வந்து வாசலில் நின்றார். "பழைய பூட்டுச் சாவிதானே? டிவி மேல வச்சுட்டேன்."

"சாவி வேணாம். டயலைப் பாருங்க."

"நான் தொட மாட்டேன். அதுக்கும் நாளைக்கு ஒண்ணு சொல்லுவீங்க."

"கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க."

நிஜமாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். நான் சுற்றினேன்.

"மூணு" என்றார். பிறகு, "இது என் டயல்."

"ஆமா. எடுத்தேன். பூட்டு என்னுது, சாவி என் இடுப்புல. போல்டைப் பாருங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்ன இது, நகப்பூச்சா?"

"ஆமா."

"எனக்கு வச்ச பொறியா?"

"ஆமா."

"நல்ல கலரு."

"தூணைத் தொடுங்க. ரெண்டு பக்கமும்."

தொட்டார். வலது பக்கத்தில் கை கொஞ்சம் நின்றது. திரும்பி ஜன்னலைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, பின்வாசல், நாற்காலி.

"நாற்காலி எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"உங்க கண்ணாடி வெயில்ல மின்னும். மதில் மேல காக்கா உக்காந்த மாதிரி தினம் ரெண்டு மணிக்கு வந்து உக்காருவீங்க. கட்டர் உடைஞ்சதைச் சொல்லாதது என் தப்பு. பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"நான் தொட்டேன் சம்பந்தி. ரெண்டு மாசமா தினம் மத்தியானம் பாக்கறேன், மூணு கோடு. மூணு கோடு. உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு நெனச்சேன். கேட்டா மனசு நொந்துடுவீங்க. அதான் நானே சரி பண்ணி வச்சுட்டு, வாயை மூடிக்கிட்டுப் போனேன்."

இதற்கு நான் தயாராக இல்லை. திருடன் என்று நினைத்தவர் எனக்கு இரண்டு மாதமாக இரக்கம் காட்டியிருக்கிறார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"இப்பத் தெரியுது."

பலகையைத் தூக்கி ஜன்னலில் வைத்து ஆணி அடித்தேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மின்விசிறியைத் தூண் பக்கம் திருப்பினோம். இனி இரும்பு ஆற வேண்டும். அதுவரை டயலைப் பார்த்துப் பயனில்லை. அவர் முக்காலியில், நான் கவிழ்த்த வாளிமேல். இரண்டு பேரும் தூணைப் பார்த்தபடி உட்கார்ந்தோம்.

நாலு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் சந்து வழியாகப் பின்பக்கமே வந்துவிட்டான். "பெரியவரே, சாமான் எங்க?"

"கொஞ்சம் இருப்பா. இரும்பு ஆறணும்" என்றார் சம்பந்தி.

"இரும்பா? என்ன சமைக்கிறீங்க?"

"ஆறினா சொல்றேன்."

அவன் வெளியே போய் யாருக்கோ போன் போட்டு, இங்கே ரெண்டு பெருசு மாட்டிக்கொண்டது என்று சொன்னது கேட்டது. பின்னாலேயே மருமகள் வந்தாள். வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"என்ன இது, ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க? யாருக்கு என்ன?"

நான் எழுந்து நின்றேன். எழுவதற்கு நேரமாயிற்று. "மெஷினுக்காக உங்கப்பா வேணும்னு கெடுத்தார்னு உன் முன்னாடிதான் சொன்னேன். அது தப்பு. வெயிலு பண்ணின வேலை. வெயிலை உள்ள விட்டது நான். உன் முன்னாடியே சொல்லிட்டேன்."

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள், உள்ளே போகவில்லை.

நாலரைக்குச் சுற்றினோம். ஒன்றரைக் கோடு. ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மறுபடி. இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளாமல் அவரே சுற்றினார்.

"அரை. அரைக்குக் கீழ இறங்காது. மேல தகரம் சுடுதில்ல."

"பம்புக்காரனுக்கு அரை போதும்."

"போதும்தான்." டயலைக் கழற்றித் துடைத்தார். "ஆனா மத்தியான வேலைக்காரனுக்கு எப்பவும் இந்த அரை இருந்துக்கிட்டேதான் இருக்கும். தம்பிகிட்ட வேற வரேன்னு சொல்லிட்டேன் சம்பந்தி. அங்க ரூமைக் கழுவி விட்டிருப்பாங்க."

அவர் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. வாயால் தப்பு என்று சொல்லிவிட்டால் புதன்கிழமை அழிந்துவிடாது. எனக்கு உடம்பில் நல்ல நேரம் என்று இருப்பது காலை மட்டும்தான். பன்னிரண்டு மணிக்குமேல் இடுப்பு பூட்டிக்கொள்ளும், அதன்பிறகு நான் எதற்கும் உதவாத ஆள். அவருக்கும் அது தெரியும்.

"காலையை நீங்க எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மத்தியானம் உங்களால நிக்க முடியாதே."

"உக்காந்துக்கிட்டு செய்வேன்."

"உக்காந்துக்கிட்டு யாராவது மில்லிங் ஓட்டுவாங்களா?"

"ஓட்டினா என்ன? அரைக் கோட்டோட நானும் அரையா இருந்துட்டுப் போறேன்."

அவர் டயலைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றார். "ஒரு காலை எனக்கு, ஒரு காலை உங்களுக்கு. முழுசாக் குடுத்தா உங்க மூஞ்சியை தினம் மத்தியானம் யார் பாக்கறது?"

"நாளைக்கு யாரு?"

"நான். ஆனா ஏழு மணிக்கு முன்னாடி என் கதவைத் தட்டாதீங்க."

"ஏழு மணிக்குப் பாதி நாள் போயிருக்கும்."

"அப்ப தம்பி வீட்டுக்கே போறேன்."

"ஏழு" என்றேன்.

அவர் தன் மகளிடம், வேன்காரன் வந்து போன செலவுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பிவிடச் சொன்னார். அவள் போனாள். மேஜைமேல் இருந்த வைஸின் இடுக்கில் தகட்டை வைத்து ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, நான் இறுக்கினேன்.